ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத பி.பி. மாத்திரை: ஓர் அமெரிக்க அதிபரின் கடைசி பத்து ஆண்டுகள்

1945 ஏப்ரல் 12, வியாழக்கிழமை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிறிய ஊர். அங்கே தன் ஓய்வு இல்லத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். எதிரே எலிசபெத் ஷூமடாஃப் என்ற ஓவியர் அவரை வரைந்துகொண்டிருந்தார். மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். பின்னந்தலையில் கடுமையாக வலிக்கிறது என்று சொன்னவர், அப்படியே சரிந்து நினைவிழந்தார்.

சில நிமிடங்களில் மருத்துவர் ஓடிவந்து ரத்த அழுத்தம் பார்த்தார். மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்தது. கீழ் அளவு 190. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பிற்பகல் 3.35-க்கு உயிர் பிரிந்தது. வயது 63. அந்த ஓவியம் இன்றுவரை பாதியிலேயே நிற்கிறது.

ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவத்தினருக்குத் தலைமைத் தளபதி அவர். கடற்படை மருத்துவமனை முழுவதும் அவர் ஒரு போன் போட்டால் வந்து நிற்கும். ஆனாலும் இன்று நம்ம தெரு மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு பி.பி. மாத்திரை அவருக்குக் கிடைக்கவில்லை. ஏன்?

யார் இந்த ரூஸ்வெல்ட்?

1882 ஜனவரி 30-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வக்கீல், பிறகு அரசியல்வாதி. 1921-ல், 39 வயதில், விடுமுறைக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தது. சில நாட்களில் இரண்டு கால்களும் செயலிழந்தன. போலியோ என்றார்கள் மருத்துவர்கள். அதன்பின் அவரால் துணையில்லாமல் நடக்கவே முடியவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அரசியலுக்கு முழுக்குப் போட்டிருப்பார்கள். இவர் கால்களில் இரும்புப் பட்டைகளை மாட்டிக்கொண்டு மேடையேறினார். 1928-ல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் வென்றார். 1932-ல் அதிபர் தேர்தலில் வென்றார். அப்போது அமெரிக்காவில் வேலை தேடுவோரில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோர் உதவித்தொகை என்று பல திட்டங்களைக் கொண்டுவந்தார். மக்கள் அவரை 1936, 1940, 1944 தேர்தல்களிலும் ஜெயிக்கவைத்தார்கள். நான்கு முறை வென்ற ஒரே அமெரிக்க அதிபர் இவர்தான்.

போலியோவை அவர் சும்மா விடவில்லை. அந்த நோயை ஒழிக்க 1938-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அமெரிக்கக் குழந்தைகள் பத்து சென்ட் நாணயங்களாக அதற்குக் காசு அனுப்பினார்கள். அந்தப் பணம்தான் பின்னாளில் போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் போனது. கால்களை முடக்கிய நோயை ஊரே சேர்ந்து எதிர்த்தது. உயிரையே எடுக்கப்போகிற நோயோ, சத்தமில்லாமல் மருத்துவக் குறிப்பேட்டில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஏறிக்கொண்டே போன எண்கள்

அவருடைய பி.பி. கணக்கு இது. 1935-ல் 136/78. பிரச்சினை இல்லை. 1937-ல் 162/98. 1941 பிப்ரவரியில் 188/105.

வழக்கமாக 140/90-ஐத் தாண்டினாலே இன்று உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால், இறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ரூஸ்வெல்ட் ஒரு பி.பி. நோயாளி. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளின் பெரும்பகுதியில் அவருக்குப் பெரிதாக எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. பேசினார், சிரித்தார், ஒரு நாளைக்கு இருபதுக்கும் மேல் சிகரெட் பிடித்தார். 1941 டிசம்பர் 7-ல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய பிறகு உலகப் போரையும் நடத்தினார்.

இதுதான் பி.பி.யின் குணம். வலிக்காது. காய்ச்சல் அடிக்காது. ஆனால் குழாய்ச் சுவரில் ரத்தம் மோதும் வேகம் வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால், அந்தச் சுவர்கள் தடித்து விறைத்துப்போகும். அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கும். சிறுநீரகம் பழுதாகும். ஒருநாள் மூளையில் மெலிந்துபோன ஒரு குழாய் வெடிக்கும்.

மருத்துவர்கள் ஏன் கண்டுக்கல?

கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அந்தக் காலத்தில் பெரிய மருத்துவர்கள் பலர் உயர் ரத்த அழுத்தத்தை ஒரு நோயாகவே பார்க்கவில்லை. வயதாகும்போது குழாய்கள் சுருங்கும். அவற்றின் வழியே ரத்தத்தைத் தள்ள உடம்பு தானாகவே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. அதைக் குறைத்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போகாது என்று நம்பினார்கள். 1931-ல் ஜான் ஹே என்ற பிரிட்டிஷ் மருத்துவப் பேராசிரியர், பி.பி. இருப்பது கண்டுபிடிக்கப்படுவதுதான் நோயாளிக்குப் பெரிய ஆபத்து, யாராவது அதைக் குறைக்கக் கிளம்பிவிடுவார்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். அமெரிக்காவின் முன்னணி இதய நிபுணரான பால் டட்லி வொயிட்கூட, இதில் கைவைக்காமல் இருப்பதே நல்லதாக இருக்கலாம் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருந்தார்.

இன்னொரு விஷயமும் உண்டு. ரூஸ்வெல்ட்டின் சொந்த மருத்துவர் ராஸ் மெக்கின்டயர் கடற்படை அதிகாரி. ஆனால் காது-மூக்கு-தொண்டை நிபுணர். அதிபருக்கு சைனஸ் தொல்லை இருந்ததால் அந்தப் பொறுப்புக்கு வந்தவர். இதயம் அவருடைய துறை இல்லை.

1944 மார்ச்: மகள் கேட்ட கேள்வி

1944 தொடக்கத்தில் அதிபருக்கு இருமல் விடவில்லை. மூச்சு வாங்கியது. படித்துக்கொண்டிருக்கும்போதே அசந்து தூங்கினார். மகள் அன்னாவுக்குப் பயம் வந்துவிட்டது. அவர் வற்புறுத்தியதால்தான் மார்ச் கடைசி வாரத்தில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் முழுப் பரிசோதனை நடந்தது. பரிசோதித்தவர் ஹோவர்ட் புரூன் என்ற இளம் இதய மருத்துவர்.

அவர் கண்டது இது: பி.பி. 186/108. உதடுகளில் லேசான நீலம். நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் கோத்திருந்த சத்தம். எக்ஸ்ரேயில் பெரிதாகிப்போன இதயம். உயர் ரத்த அழுத்தத்தால் வந்த இதய நோய், இதயச் செயலிழப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

உலகப் போரின் உச்சம் அது. பிரான்ஸ் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்க இன்னும் பத்து வாரம்தான் இருந்தது. அதிபரைப் படுக்கையில் ஓய்வெடுக்க வைக்க வேண்டும் என்று புரூன் சொன்னபோது, நடக்கிற காரியமா என்று மெக்கின்டயர் மறுத்தார். வெளியிலிருந்து இரண்டு மூத்த மருத்துவர்களைக் கூப்பிட்டு ஆலோசனை நடந்தது. கடைசியில் ஒரு மருந்துக்கு மட்டும் எல்லோரும் சம்மதித்தார்கள்: டிஜிட்டாலிஸ்.

அப்போது இருந்த சிகிச்சை

டிஜிட்டாலிஸ் ஒரு பூச்செடியின் இலையிலிருந்து எடுத்தது. 1785-லேயே இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் அதைப் பற்றி எழுதிவிட்டார். களைத்துப்போன இதயம் வலுவாகச் சுருங்க அது உதவும். ரூஸ்வெல்ட்டுக்கும் உதவியது. பத்தே நாளில் இருமல் நின்றது, நுரையீரல் தெளிந்தது, நன்றாகத் தூங்கினார். ஆனால் அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து இல்லை. எண் அங்கேயே நின்றது. சில நாள் இன்னும் மேலே போனது.

கூடவே உப்பைக் குறைத்தார்கள். எடையைக் குறைக்கச் சொன்னார்கள். சிகரெட்டை ஐந்தாறாகக் குறைத்தார்கள். மனம் அமைதியாக இருக்க ஃபீனோபார்பிடால் என்ற தூக்க மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தார்கள். தென் கரோலினாவில் ஒரு நண்பரின் பண்ணையில் ஒரு மாதம் ஓய்வு. அந்தக் காலத்தின் முழு சிகிச்சையும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

வேறு வழிகளும் இருந்தன, ஆனால் கொடுமையானவை. முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்புகளை வெட்டியெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை ஒன்று. இன்னொன்று, டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் கொடுத்த சோற்றுப் பத்தியம்: உப்பே இல்லாத சாதம், பழம், சர்க்கரை மட்டும், மாதக்கணக்கில். சாதம் சாப்பிட்டா பி.பி. குறையுமான்னு கேட்காதீங்க, அதில் உப்பு அறவே இல்லாததும் கொழுப்பும் புரதமும் மிகக் குறைந்ததும்தான் சேர்ந்து வேலை செய்தன. சிலருக்கு நன்றாகவே குறைந்தது. பலரால் அந்தச் சாப்பாட்டைத் தொடர முடியவில்லை.

இதில் நமக்குச் சுருக்கென்று தைக்கிற ஒரு செய்தி உண்டு. 1931-லேயே கொல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், சர்ப்பகந்தா என்ற நம் நாட்டு மூலிகையின் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று இந்திய மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். வெள்ளை மாளிகைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

நான்காவது தேர்தல்

மக்களிடம் சொன்னது மூச்சுக்குழாய் அழற்சி என்று மட்டும்தான். வயதுக்கு அதிபர் நன்றாகவே இருக்கிறார் என்று மெக்கின்டயர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ரூஸ்வெல்ட்டும் தனக்கு என்ன நோய், எதற்கு இந்த மாத்திரை, பி.பி. எவ்வளவு என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்று புரூன் பின்னாளில் எழுதினார்.

1944 ஆகஸ்டில் பிரெமர்டன் கடற்படைத் தளத்தில், போர்க்கப்பலின் மேல்தளத்தில் இரும்புப் பட்டைகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்தது. நிறுத்தாமல் பேசி முடித்தார். அக்டோபரில் எதிரணியினர் அவர் உடல்நிலை பற்றிப் பேச ஆரம்பித்ததும், கொட்டும் மழையில் திறந்த காரில் நியூயார்க் தெருக்களில் மணிக்கணக்கில் சுற்றிக் காட்டினார். நவம்பரில் ஜெயித்தார். இந்த முறை துணை அதிபர் ஹாரி ட்ரூமன். அணுகுண்டுத் திட்டம் பற்றி அவரிடம் யாரும் விளக்கமாகச் சொல்லியிருக்கவில்லை.

1945 பிப்ரவரியில் யால்டா மாநாடு. கப்பல், விமானம், கார் என்று மாறி மாறிப் பயணித்து கிரிமியா போனார். ஐரோப்பாவின் எதிர்காலத்தை சர்ச்சில், ஸ்டாலினோடு எட்டு நாள் உட்கார்ந்து பேசினார். மாநாட்டுப் படங்களைப் பாருங்கள்: மேலங்கிக்குள் ஒடுங்கிய உடம்பு, குழிவிழுந்த கண்கள். சர்ச்சிலின் மருத்துவர் மோரன், இந்த மனிதர் இன்னும் சில மாதங்கள்தான் தாங்குவார் என்று தன் நாட்குறிப்பில் கணித்தார். அங்கே ஒருநாள் அவர் நாடித்துடிப்பே ஒன்று பலமாகவும் அடுத்தது பலவீனமாகவும் மாறி மாறி அடித்ததை புரூன் கண்டார். இதயம் திணறுவதன் அடையாளம் அது. உடம்பு சரியில்லாத ஒருவர் ஸ்டாலினுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாரா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து வார்ம் ஸ்பிரிங்ஸ். ஓவியர், தலைவலி, 300/190. அன்று மாலையே ட்ரூமன் பதவியேற்றார். 26 நாள் கழித்து ஐரோப்பாவில் போர் முடிந்தது. அதைப் பார்க்க ரூஸ்வெல்ட் இல்லை.

பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. மருத்துவமனைப் பெட்டகத்தில் இருந்த அவருடைய மருத்துவக் கோப்பு காணாமல் போனது. முழு விவரம் வெளியே வந்தது 1970-ல், தன் குறிப்புகளை வைத்து புரூன் ஒரு மருத்துவ இதழில் எழுதியபோதுதான்.

அவர் போன பிறகு வந்த மருந்துகள்

1948-ல் இதய நோய் ஆராய்ச்சிக்கென்று தனிச் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்டார். அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்காம் ஊரில் 5,209 பேரை வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. பி.பி. ஏற ஏற மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்பதை அது எண்களால் காட்டியது. அழுத்தம் உடம்புக்குத் தேவை என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது.

1949-ல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தாவை 50 பி.பி. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். இந்த முறை உலகம் கவனித்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் இன்று அது அதிகம் பயன்படுவதில்லை.

1958-ல் குளோரோதையசைடு வந்தது. சிறுநீர் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றும் மாத்திரை. உப்பில்லாச் சோறு சாப்பிடாமலேயே பி.பி. குறைய ஆரம்பித்தது.

ஆனாலும் குறைத்தால் உயிர் பிழைக்குமா என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்குப் பதில் 1967-ல் வந்தது. எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையில், கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 முன்னாள் ராணுவத்தினரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வெற்று மாத்திரை. மறுபாதிக்கு தையசைடு, ரெசர்பின், ஹைட்ரலசின் மூன்றும். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு. மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. வாதம் அத்தோடு முடிந்தது. ரூஸ்வெல்ட் போய் 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று அவர் வந்தால்?

186/108 என்ற அளவோடு இன்று ஒருவர் போனால், மருத்துவர் முன்னால் நாலு வகை மருந்துகள் இருக்கின்றன.

தையசைடு வகை உப்பையும் நீரையும் வெளியேற்றும். அம்லோடிபின் வகை, குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தி வழியை அகலமாக்கும். சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனாலாப்ரில், டெல்மிசார்டன் வகைகள், குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் ஹார்மோனைத் தடுக்கும். இந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. எனாலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், அப்போது டெல்மிசார்டனுக்கு மாற்றுவார்கள். நான்காவது, பீட்டா பிளாக்கர்கள். 1960-களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய ப்ரொப்ரனலால் இதில் முன்னோடி. இதயத்தின் மேல் அட்ரினலின் போடும் விரட்டலை இவை தணிக்கும்.

ரூஸ்வெல்ட்டின் அளவுக்கு ஒரே மாத்திரை போதாது. இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் தருவார்கள், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. எண் இறங்கிவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நல்லாதானே இருக்கேன், எதுக்கு மாத்திரைன்னு நீங்களாகவே நிறுத்தினால் எண் திரும்ப ஏறும். பக்கவிளைவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், வழி இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கணக்குப்படி, 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் 46 சதவீதம் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ரூஸ்வெல்ட்டின் பி.பி.யை அளந்தார்கள், எழுதியும் வைத்தார்கள். குறைக்கத்தான் மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது, அளந்து பார்ப்பதுதான் பாக்கி. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை மேசையில் வைத்து, பேசாமல் இருந்தால் போதும், உங்கள் எண் தெரிந்துவிடும். கடைசியாக எப்போ பார்த்தீங்க?